முழுகாத வீடு

அந்தப் பெட்டிக்குச் 'செவிலி' என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. தமிழ் படித்த ஆசாமி என்பது மட்டும் நிச்சயம். செவியும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது, பெறாத பிள்ளையைப் பெற்றவள் போல வளர்ப்பவளும் இருக்கிறாள். வீட்டுக்கு ஒன்று என்று அரசாங்கமே வந்து மாட்டிவிட்டுப் போனது. மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், சோப்புப் பெட்டி அளவில், வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளாக மாறினால் ஏதோ புரிந்துவிட்டது, மேலிடத்துக்குச் சொல்லப்போகிறது என்று அர்த்தம். அணைப்பதற்குப் பொத்தான் கிடையாது.

நல்ல காரியங்களும் செய்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர் 'அம்மா' என்று கத்தி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். கேஸ் நாற்றம் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் வாசலில் ஆள் நிற்பார். அதனால் பூங்குன்றம் நகரில் யாரும் அதைப் பற்றி முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தாலும் அதற்குக் கேட்கும். ரகசியம் பேச வேண்டுமென்றால் மிக்ஸியை ஓடவிட்டுப் பேசுவார்கள். திண்டுக்கல் புறவழிச்சாலையை ஒட்டிய அந்த நாற்பது வீட்டுக் காலனியில், ஒன்றுமே போடாமல் மிக்ஸி ஓடும் சத்தம் தினமும் எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டிருக்கும்.

நறுமுகைக்கு மிக்ஸி மேலும் நம்பிக்கை இல்லை. கணவன் தருணிடம் சொல்ல வேண்டியதை அவள் சப்பாத்திப் பலகையில் மாவைத் தூவி, விரலால் எழுதிக் காட்டினாள். 'நாள் தள்ளிப் போயிருக்கு. வத்தலக்குண்டு டாக்டரம்மா உறுதியா சொல்லிட்டாங்க. வாயைத் திறக்காதே.' தருண் படித்தான். படித்ததும் வாயைத் திறந்தான். அவள் மாவுக் கையாலேயே அவன் வாயைப் பொத்தி, எழுத்தின் மேல் ஒரு உருண்டையை வைத்துத் தேய்த்துவிட்டாள். அன்றைக்கு அவன் கண் கலங்கக் கலங்க எட்டுச் சப்பாத்தி சாப்பிட்டான்.

வத்தலக்குண்டு டாக்டரம்மா கொஞ்சம் பழைய காலத்து மனுஷி. நாடி பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வேண்டிய மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் 'வயிற்றுப் பொருமல்' என்று எழுதிக்கொள்வார். அதனால் மருத்துவத்துக்குக் குறைவில்லை. ஊருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நறுமுகைக்கு வேண்டியிருந்தது.

காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் அவள் வாந்தி எடுத்த சத்தத்தை வைத்தே செவிலி விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அவள் தருணிடம் சொல்வதற்கு முன்பே, 'தாய்மை வாழ்த்துகள்' என்று அரசாங்கச் செய்தி நாற்பத்தொரு பேருக்குப் போய்விட்டது. மாமியார் வீட்டுச் சொந்தம், அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, காலனிச் சங்கம் என்று ஒருவர் பாக்கியில்லை. பதினோராவது வாரம் அது தங்காமல் போனது. அந்தச் செய்தி மட்டும் யாருக்கும் போகவில்லை. வாழ்த்துச் சொல்லும் திட்டத்தில் துக்கம் சொல்ல இடம் வைக்கவில்லை. நான்கு மாதம் கழித்தும் ரேஷன் கடைக்காரர் சிரித்த முகமாக, "இப்ப எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

அதைவிடக் கொடுமை, தாய்நலத் துறையிலிருந்து வந்த விசாரணைப் படிவம். முப்பத்தெட்டுக் கேள்விகள். பைக்கில் போனீர்களா, பளு தூக்கினீர்களா, பப்பாளி தின்றீர்களா. இருபத்தொன்பதாவது கேள்வி: 'ஏழாம் தேதி மாலை 6.40 மணிக்கு உங்கள் குரல் உயர்ந்திருக்கிறது. காரணம்?' பால் பொங்கி வழிந்ததற்கு அவளும் தருணும் போட்ட சண்டை அது. அந்தக் கட்டத்தில் 'பால்' என்று எழுதிவிட்டு நறுமுகை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இன்னொரு முறை என்று ஒன்று வந்தால் அது தன்னுடையதாக மட்டும் இருக்க வேண்டும் என்று.

தருண் நல்லவன்தான். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. பத்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததே அவனைப் பொறுத்தவரை பெரிய சாதனை. கர்ப்பம், மாசம், குழந்தை, தொட்டில் என்று ஆபத்தான சொற்களையெல்லாம் இருவரும் வீட்டைவிட்டே துரத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையைக்கூட 'அந்தச் சின்ன ஆள்' என்றுதான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அக்கா காவியாவிடமிருந்து போன் வந்தது. காவியாக்கா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவன் பேச்சில் பாதி அவள் பேச்சு.

"வர்ற வெள்ளிக்கிழமை சாமி கும்பிடு. நம்ம வீட்டுப் பால்குடத்தை இந்த வருஷம் முகைதான் எடுக்கணும். மூணு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்கணும்னு இப்பவே சொல்லி வையி."

"முகையால முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"உடம்பு சரியில்ல."

"இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. எல்லாம் சரியாயிரும்."

"இல்லக்கா. இந்த வருஷம் வேணாம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போன வருஷமும் இதத்தான் சொன்ன. நான் கூப்பிட்டா உன் பொண்டாட்டிக்குக் கசக்குதாக்கும். உன்னைய வளத்ததுக்கு இதுவும் வேணும் எனக்கு."

அக்கா அழுதால் தருணுக்குத் தாங்காது. "ஐயோ, அதில்லக்கா! அவ மூணு மாசமா முழுகாம இருக்கா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். போனில் காவியாக்கா தொண்டை கிழியக் குலவை போட்டாள். அறைக்குள் நின்றிருந்த நறுமுகையின் காதுவரைக்கும் அது வந்தது. அவள் திரும்பிச் செவிலியைப் பார்த்தாள். விளக்கு மஞ்சளாகியிருந்தது.

பத்தே நிமிடத்தில் அவள் போனுக்குச் செய்தி வந்தது. 'உங்கள் இல்லத்தில் மூன்று மாதமாக நிலவும் நிலை குறித்துத் தகவல் பெறப்பட்டது. நாளை காலை 10 மணிக்கு அலுவலர் நேரில் வருவார். ஒத்துழைக்கவும்.'

அவள் கத்தவில்லை. கத்தினால் அதற்கும் ஒரு கேள்வி வரும். நேரே போய் மிக்ஸியைப் போட்டாள்.

"ஒரே ஒரு விஷயம். அதைக்கூட வயித்துக்குள்ள வச்சுக்க முடியலையா உன்னால?"

"அக்கா அழுதுச்சு முகை..."

"நான் அழுதது உனக்கு மறந்துருச்சா?"

தருண் தலையைக் குனிந்துகொண்டான். "வர்றவங்ககிட்ட இல்லைன்னு சொல்லிரலாமா? ஒளிச்சா குத்தமா என்ன?"

"குத்தமில்ல. 'ஒத்துழைக்காத தாய்'னு பேருக்கு முன்னாடி போட்டுருவாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு ஆள் வரும். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, மறுபடி அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டுவாங்க. என்னால முடியாது தருண். நல்லது நடந்தா நாம சிரிக்கணும், கெட்டது நடந்தா நாம அழணும். அதைக்கூட நான் கேக்கக் கூடாதா?"

மிக்ஸி சூடாகி வாடை வந்தது. அவள் அதை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டார்கள். நறுமுகை சோபாவில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். தாய்நலத் துறையின் ரோஸ் நிற வண்டி தெருமுனையில் திரும்புகிறதா என்று தருண் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு ஒரு ஹாரன் சத்தம் தெருவையே அதிரவைத்தது. வந்தது ரோஸ் வண்டி இல்லை. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி.

டிரைவர் கதவைத் திறந்து படியில் நின்றபடி, கையிலிருந்த கருவியைப் பார்த்து, ஏலம் விடுகிறவர் போல உரக்கப் படித்தார்.

"மூணு மாசமா முழுகாம இருக்கிற வீடு எதும்மா?"

தெருவில் குப்பை கொட்ட வந்தவர்கள், கீரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் டிரைவருக்கே உறைத்தது. மனுஷர் கருவியால் வாயை மூடிக்கொண்டார்.

லாரியின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தார், காலில் சேறு காய்ந்த ஷூ. தண்ணீர்த் துறை உதவிப் பொறியாளர் ஹரிணி என்று சட்டைப் பையில் எழுதியிருந்தது. வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் படாரென்று கொட்டிப் பாத்திரத்தில் தெறித்தது.

"நல்லாத்தானே வருது?" என்றவர் தன் கருவியைப் பார்த்துப் படித்தார். "'இக்குடியிருப்பில் பெண் ஒருவர் மூன்று மாதமாக நீராடவில்லை. கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு. செய்தி கேட்ட உறவினர் அலறினார். அவசரம்.'"

"அது அலறல் இல்ல மேடம், கு..." என்று தருண் ஆரம்பித்தான். நறுமுகை அவன் காலை மிதித்தாள்.

ஹரிணி கருவியிலிருந்து நிமிர்ந்து நறுமுகையைப் பார்த்தார். வெளுத்துப்போன முகம், கதவு நிலையைப் பிடித்திருந்த கை, இரண்டையும் பார்த்தார். அப்புறம் சுவரிலிருந்த செவிலியைப் பார்த்தார்.

"வெயில்ல தொண்டை வறண்டு போச்சும்மா. தயிர் இருந்தா மிக்ஸியில போட்டு மோர் அடிச்சுக் குடுங்களேன்" என்றார். "அவசரமில்ல. நல்லாவே அடிங்க."

மிக்ஸி ஓட ஆரம்பித்ததும் அவர் நறுமுகையின் காதோரம் குனிந்தார்.

"எனக்குத் தெரியும்மா. எங்க வீட்டுலயும் இந்த வார்த்தைதான்."

நறுமுகை மிக்ஸியிலிருந்து கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள். "அப்ப அதுக்கு ஏன் தெரியல?"

"அது தமிழ் படிச்சது அரசாணையில, நியூஸ்ல, பாடப் புத்தகத்துல. அங்கெல்லாம் எவளும் முழுகாம இருக்க மாட்டா."

"இப்ப என்ன எழுதப் போறீங்க?"

"அதுதான் சிக்கல். குழாய்ல தண்ணி வருது. பின்ன எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு இது என்னைக் கேக்கும். 'சொல்லுக்கு வேறு பொருள்'னு ஒரு கட்டம் இருக்கு. அதைத் தொட்டா அர்த்தத்தை எழுதணும். எழுதினேன்னா உங்களோட முடியாது. ஒரு தடவை கத்துக்கிட்டா இது மறக்காது. அப்புறம் எந்த ஊர்ல எந்த வீட்டுல எவ வாயில இந்த வார்த்தை வந்தாலும் ரோஸ் வண்டி போய் நிக்கும்."

"எழுதலைன்னா?"

"பொய்ப் புகார்னு ஆகும். அதுக்கும் விசாரணை இருக்கு." ஹரிணி கையால் இன்னும் அடி என்பதுபோலச் சைகை காட்டினார். "ஒரே வழி. அஞ்சு வீடு. தெரு விளக்குக் கம்பத்துல பெரிய செவிலி ஒண்ணு இருக்குல்ல, அதுக்குக் கேக்குற மாதிரி அஞ்சு வீட்டுக்காரங்க இதே புகாரைச் சொல்லணும். அப்பப் பகுதித் தட்டுப்பாடுன்னு முடிச்சுக்கும். குழாயைத் திறந்து பாக்கச் சொல்லாது."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"எனக்கு மட்டும் இந்த வருஷம் இது பதினேழாவது வீடு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூட இன்னைக்கு வரைக்கும் அந்தக் கட்டத்தைத் தொடல. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கல. பேசவும் முடியாது, அங்கயும் பெட்டி தொங்குது."

நறுமுகைக்கு அழுகை முட்டியது. "யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் இத்தனை பாடு. இப்ப நானே போயி அஞ்சு வீட்டுல கெஞ்சணுமா?"

"டிரைவர் போட்ட சத்தத்துல தெருவுக்கே தெரிஞ்சு போச்சும்மா. இனி அவங்க என்ன பண்றாங்கன்னுதான் பாக்கணும்."

மோரைக் குடித்துவிட்டு ஹரிணி வெளியே போனார். நறுமுகையும் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். தண்ணீர் கேட்டவள் வெறுங்கையோடு நிற்க முடியாதே. தெருவில் அதற்குள் முப்பது பேர் கூடியிருந்தார்கள். விளக்குக் கம்பத்தின் உச்சியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹரிணி கம்பத்துக்கு அடியில் நின்று உரக்கச் சொன்னார். "இந்த வீட்டுல மூணு மாசமா முழுகாம இருக்கிறதா புகார். வேற யாரும் அப்படி இருக்கீங்களா? அஞ்சு வீடு சொன்னாத்தான் இது தட்டுப்பாடு. இல்லைன்னா இந்த ஒரு வீட்டை மட்டும் நான் தனியா விசாரிச்சு எழுதணும்."

கீரைக்காரம்மாள்கூடக் கட்டுப் பிரிப்பதை நிறுத்திவிட்டார். நறுமுகை யார் முகத்தையும் பார்க்காமல் குடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன முறை வாழ்த்து வந்ததும் இவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தவர்கள். அப்புறம் படிவத்தோடு அதிகாரி வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களும் இவர்கள்தான். எதிர் வீட்டுச் சம்யுக்தாக்காவிடம் ஒரு சொல் சொன்னால் மதியத்துக்குள் காலனி முழுக்கச் சுற்றிவிட்டு வரும் என்பதால் நறுமுகை அவளைக் கண்டாலே ஒதுங்கிப் போவாள்.

அந்தச் சம்யுக்தாக்காதான் முதலில் முன்னால் வந்தாள். வந்து நறுமுகையின் கையிலிருந்த குடத்தை வெடுக்கென்று பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"பன்னிரண்டாம் நம்பர் வீடு. நானும் மூணு மாசமா முழுகாமத்தான் இருக்கேன். தலையெல்லாம் சிக்குப் பிடிச்சுப் போச்சு."

அவள் தலையிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஒண்ணு" என்றார் ஹரிணி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். நறுமுகை வீட்டையும் சேர்த்து, "ரெண்டு" என்று திருத்திக்கொண்டார்.

எட்டாம் நம்பர் வீட்டு நர்ஸ் வந்து சொன்னாள். பிறகு, கல்யாணமாகி இருபத்தாறு வருடமான மளிகைக்கடை அம்மாள் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். நாலு ஆயிற்று. ஐந்தாவதுக்கு ஆள் இல்லை. மற்ற வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்; நின்றிருந்தவர்களில் மிச்சம் எல்லாம் ஆண்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். தருண் வாயைத் திறந்தான். ஹரிணி, "ஒரே வீடு ரெண்டு தடவை கணக்காகாது" என்று அடக்கினார்.

மஞ்சளாகலாமா வேண்டாமா என்பதுபோல மேலே விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. நறுமுகையின் கை தன்னையறியாமல் வயிற்றின் மேல் போனது.

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஜெரால்டு சார். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, அறுபத்தாறு வயது, கல்யாணமே செய்துகொள்ளாதவர். வாசலில் யாராவது ஸ்கூட்டரை நிறுத்தினால் காலனிச் சங்கத்துக்கு மனு எழுதுகிறவர். தருண் பெயரில் மட்டும் நாலு மனு எழுதியிருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டையும் ஷேவ் செய்த முகமுமாக வந்து கம்பத்தின் கீழ் விறைப்பாக நின்றார். ரயிலுக்குக் கொடி காட்டுகிற பழக்கத்தில் வலது கை தானாகக் கொஞ்சம் உயர்ந்தது.

"பத்தொன்பதாம் நம்பர் வீடு, ஜெரால்டு" என்றார் கணீரென்று. "நானும் மூணு மாசமா முழுகாமத்தான் இருக்கேன்."

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மளிகைக்கடை அம்மாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். டிரைவர் லாரியின் டயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். சம்யுக்தாக்காவின் இடுப்பிலிருந்த குடம் குலுங்கியது.

"எத்தனை மாசம்னு சொன்னீங்க சார்?" என்று ஹரிணி கேட்டார். சட்டப்படி இரண்டு முறை கேட்க வேண்டுமாம்.

"மூணு" என்றார் ஜெரால்டு சார். கொஞ்சம் யோசித்து, "நாலுகூட இருக்கும்" என்றார்.

முதலில் உடைந்தவள் நறுமுகைதான். இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் கட்டிவைத்திருந்ததெல்லாம் ஒரே சிரிப்பாக வெளியே வந்தது. கண்ணில் நீர் கொட்ட, தருணின் தோளைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் சிரித்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதுபோல ஜெரால்டு சார் கடுகடுவென்று பார்த்தார். அவர் மீசைக்கடியிலும் ஏதோ துடித்தது. இவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று நறுமுகைக்கு ஒரு நொடிகூடப் பயம் வரவில்லை. யாரும் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சம்யுக்தாக்கா குடத்தை நிறைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, "வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றதோடு சரி.

கம்பத்தின் மேல் விளக்கு பச்சையாகவே நின்றது. லாரியில் ஏறப்போன ஹரிணியின் கருவியில் எழுத்துகள் ஓடின. 'புகார் முடிந்தது. பகுதித் தட்டுப்பாடு, ஐந்து வீடுகள் உறுதி. கூடுதல் பதிவு: தெருவில் பலர் சிரிப்பு. காரணம் விளங்கவில்லை. அலுவலர் விளக்க விரும்புகிறாரா?'

ஹரிணி ஒரு முறைக்கு இரண்டு முறை அதைப் படித்தார். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னார்.